இரண்டு மூலைக்கும் ஒருத்தி

சண்டை நடக்கும் இடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சு என்றால்தான் தெரியும். வயதில் சின்னவர்கள் பஞ்சக்கா என்றார்கள். மூக்கு உடைந்தவனும் புருவம் கிழிந்தவனும் விரல் பிசகியவனும் அவள் முன்னால் வந்து உட்காருவார்கள். அடி வாங்கும்போது காட்டாத வலியையெல்லாம் அவள் பஞ்சு பட்டதும் காட்டுவார்கள். இப்போதுதான் ஒருத்தனுடைய முழங்காலை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தவன், "மெதுவாக்கா" என்று முனகுவான். அவள் பதில் சொல்லமாட்டாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

வாரநாட்களில் அவள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சின்ன மருத்துவமனையில், காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் உதவியாளர். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டி உட்காரலாம் என்றால் அன்றைக்குத்தான் கீழே போகவேண்டும்.

கீழே என்றால், மூடிப்போன ஒரு வணிக வளாகத்தின் அடியில் இருந்த வாகன நிறுத்தம். மேலே கடைகள் ஷட்டரை இறக்கி வருஷங்கள் ஆகிவிட்டன. கீழே தூண்களில் எழுதியிருந்த எண்கள் பாதி உரிந்துபோய் நின்றன. இரண்டு வரிசைத் தூண்களுக்கு நடுவில் பழைய உடற்பயிற்சிப் பாய்களைச் சேர்த்துப் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருப்பார்கள். வளாகத்துக்குக் காவலாளியாக இருந்து, அது மூடிய பிறகும் சாவியைத் திருப்பிக் கொடுக்காத ஒருவர்தான் அங்கே சண்டைகளை நடத்தினார். சாவிக்காரர் என்று அவருக்குப் பெயர். அனுமதி, உரிமம் எதுவும் கிடையாது. கராத்தே தெரிந்தவன் உதைப்பான். மல்யுத்தம் தெரிந்தவன் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவான். ஒன்றும் தெரியாதவன் வீட்டிலிருந்து கோபத்தை மட்டும் கொண்டுவருவான். கடிக்கக்கூடாது, கண்ணைக் குத்தக்கூடாது, பாயைத் தட்டினால் விட்டுவிடவேண்டும். சட்டம் அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் பந்தயம் கட்டுவார்கள். மதியம் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் முடித்து, ஆளுக்கொரு வழியாக வெளியேறி, ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போலப் பேருந்துக்கு நிற்பார்கள்.

இவளுக்கு அந்த இடம் அண்ணனால் வந்தது.

அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் அப்பா மாதிரி. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துக் கூடத்தில் கராத்தே கற்றுக்கொண்டவன், படிப்பை நிறுத்திச் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கப் போனான். தங்கை படிக்கட்டும் என்றான். அவள் படித்ததும் பெரிய படிப்பொன்றும் இல்லை, ஆனால் அவன் நிறுத்தியதால்தான் அவள் தொடர்ந்தாள் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, யாரும் மறக்காத விஷயம். கிடங்கில் யாரோ சொல்லி அவன் கீழே சண்டைக்குப் போகத் தொடங்கினான். முதல் தடவை புருவம் கிழிந்து வந்தபோது, கதவில் இடித்துக்கொண்டேன் என்றான். "கதவு உன்னை எத்தனை தடவை இடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே அவள் சமையலறை விளக்குக்கு அடியில் உட்காரவைத்து ஒட்டுப்போட்டாள். அடுத்த தடவை கீழேயே யாரோ அழுக்குத் துணியால் துடைத்துவிட்டு அது சீழ் வைத்தது. அதற்குப் பிறகு அவளே கூடப் போனாள். ஒரே ஒருமுறை என்றுதான் போனாள். அண்ணன் காயத்தைத் துடைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். எப்படி வேண்டாம் என்று சொல்வது?

அண்ணன் நன்றாகச் சண்டை போடுவான். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது. அதை அவள் காட்டிக்கொண்டதில்லை. அவனுடைய உதை தாழ்வாக, சத்தமில்லாமல் போய்த் தொடையில் விழும். மூன்றாவது உதைக்கு எதிராளி நொண்டுவான். ஆளை அடித்துப்போட்ட பிறகு அவனே போய்த் தூக்கிவிட்டுத் தோளில் தட்டிவிட்டு வருவான். கூட்டத்துக்கு அவனைப் பிடிக்கும்.

கணவனும் அந்தப் பாயிலிருந்துதான் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கட்டை உடம்பு, ஜூடோ தெரிந்தவன், ஆளைப் பிடித்துவிட்டால் பூட்டுப் போட்டமாதிரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காது வீங்கி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஊசியால் காதிலிருந்து ரத்தத்தை இறக்கும்போது மற்றவர்கள் பல்லைக் கடிப்பார்கள். இவன், பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தம்பதி வெளியே வரும்போது சண்டையெல்லாம் தீர்ந்து சமாதானமாகிவிட்டிருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்து கை ஆடியது. "ஊசியைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்காதீங்க, எனக்கு இருக்கறது ரெண்டே காதுதான்" என்றான். அடுத்த மாதமும் காது வீங்கி வந்தான். அதற்கடுத்த மாதம் எதுவும் வீங்காமலே வந்து உட்கார்ந்தான். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன வியாதி என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்.

கல்யாணம் நடந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் நகமும் சதையும்போல ஆனார்கள். சேர்ந்தே பயிற்சி செய்வார்கள். ஒருத்தன் பாயில் இறங்கினால் இன்னொருத்தன் அவன் மூலையில் தண்ணீரும் துண்டுமாக நிற்பான். இரண்டு பேரையும் மோதவிட்டால் கூட்டம் அள்ளும் என்று சாவிக்காரர் ஒன்றிரண்டு தடவை கேட்டுப்பார்த்தார். குடும்பச் சண்டைக்கு டிக்கெட் போடுவதில்லை என்று சொல்லி இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளால் பிறகு சரியாகச் சொல்லமுடியவில்லை. அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாவால் எழுந்து நடமாட முடியவில்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாதவன், கிடங்கில் விடியும் முன்பே வேலை. பஞ்சு காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய் அம்மாவைக் குளிப்பாட்டி, மருத்துவமனைக்குப் போய், மாலையில் மறுபடியும் அண்ணன் வீடு போய், அதன் பிறகு தன் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த நேரம் பார்த்துக் கணவனுக்கு வேறொரு நகரத்தில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. உயரமான கட்டடங்கள் நிறைந்த பெரிய நகரம். லிஃப்ட் ஓடும் குழிக்குள் தொங்காமல் மேசையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. முழங்கால் தேய்ந்துபோன ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

போகலாம் என்றான் கணவன். அம்மாவை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவாள் என்றான் அண்ணன். இருவரும் நேருக்குநேர் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. இவனுக்குச் சொல்லவேண்டியதை அவளிடம் சொன்னான் அவன். அவனுக்குச் சொல்லவேண்டியதை அவளிடம் சொன்னான் இவன். அவள் பாதியை மென்று விழுங்கிவிட்டு மீதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். விழுங்கிய பாதியும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. மச்சானுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் எல்லாரையும் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று கணவன் பயிற்சிக்கூடத்தில் எங்கோ சொல்லப்போக, அது கைமாறி வாய்மாறி அண்ணன் காதுக்கு வந்தபோது, 'கிழவன்' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டிருந்தது.

அவளுக்கு விஷயம் தெரியவந்தது மருத்துவமனையில். சுண்டுவிரல் பிசகி வந்த ஒரு சண்டைக்காரன், கட்டுப் போட்டு முடித்ததும் எழுந்திருக்காமல், "வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க எந்த மூலைக்கா?" என்று கேட்டான்.

யாருடைய சண்டை என்று கேட்டாள். அவன் முகம் மாறிவிட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தான். பிறகு தயங்கித் தயங்கி, அண்ணாவுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் என்றான். அவள் பஞ்சுத் தட்டை மூடிவைத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்று மாலை வரை வேறு ஒன்றும் செய்யவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கட்டுப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது கணவன் ஷூவின் அடியைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. சாவிக்காரர் கேட்டார், மச்சான் சரி என்று சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு தான் மாட்டேன் என்றால் எப்படி இருக்கும் என்றான். அண்ணனிடம் போய்க் கேட்டாள். மாப்பிள்ளை சரி என்று சொன்ன பிறகுதான் தானும் சொன்னதாக அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்பதுகூட இல்லை. சாவிக்காரர் இரண்டு பேரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதை அவள் எடுத்துச் சொன்னபோது, இருவருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தவன் சொல்கிறபடி மற்றவன் கேட்கவேண்டும் என்று யாரும் பேசிவைக்கவில்லைதான். ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் புரிந்திருந்தது. அவள் போவதா இருப்பதா என்பதை, அவளைத் தவிர மற்றவர்கள் பாயில் உருண்டு தீர்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் படுத்திருப்பவர்களுக்குத்தான் எல்லாமே முதலில் தெரிகிறது. தலை துவட்டிவிடும்போது அம்மா கேட்டாள்.

"நீ யார் பக்கம் நிப்ப?"

"யார் பக்கமும் இல்லம்மா. காயம் துடைக்கத்தான் போறேன்."

"அண்ணன் உன்னைத் தூக்கி வளர்த்தவன்டி. புருஷனுக்குக் கோவம் வந்தா ரெண்டு நாள்ல போயிடும். அண்ணனுக்கு வந்தா போகாது. எனக்குத் தெரியும், நான் பெத்தது."

அவள் சீப்பில் சுற்றிய முடியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அன்று அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் அந்தக் கட்டிலிலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கவேண்டும் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கீழே நிற்க இடமில்லை. அவள் சாவிக்காரரிடம் போய், இரண்டு மூலையையும் நான்தான் பார்ப்பேன் என்றாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கூட்டத்தைப் பார்த்து அதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டார். அவள் முதலில் அண்ணன் கைகளுக்கு நாடா சுற்றினாள், பிறகு பாயைக் கடந்துபோய்க் கணவன் கைகளுக்கு. இருவருடைய கையும் அவளுக்கு மனப்பாடம். அண்ணனுடைய வலது மணிக்கட்டில் ஒரு சுற்று அதிகம் வேண்டும்; கணவனுடைய கட்டைவிரலை இறுக்கக்கூடாது. 

முதல் சுற்று அண்ணனுடையது. கிழவன் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தத் தாழ்ந்த உதை மறுபடியும் மறுபடியும் ஒரே இடத்தில் விழுந்தது. கணவன் கிட்டே வந்து பிடிக்கப் பார்த்தான், பிடி கிடைக்கவில்லை. மணி அடித்ததும் அவள் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்கு ஓடினாள். தொடை கருத்துப்போய் வீங்கியிருந்தது. பனிக்கட்டியை வைத்து அழுத்தினாள். கணவன் மூச்சு வாங்கியபடியே, "உங்க அண்ணன் இன்னும் என்னமா உதைக்கிறாரு பாரேன்" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. உண்மையான வியப்பு. அப்படியானால் எதற்காக இதெல்லாம் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

இரண்டாவது சுற்றில் அவனுக்குப் பிடி கிடைத்தது. அண்ணனைத் தூக்கிப் பாயில் அடித்து மேலே ஏறிக்கொண்டான். எழுந்திருக்கப் புரண்டபோது முழங்கையோ தோளோ, எதுவோ அண்ணனின் இடது கண் பக்கம் பலமாக இறங்கியது. அண்ணன் எப்படியோ நழுவி எழுந்தான். மீதி நேரம் முழுக்கக் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு தள்ளித்தள்ளியே போனான்.

மூலைக்கு வந்து உட்கார்ந்தவனுக்குப் புருவம் கிழிந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. அவள் துடைத்து அழுத்திப் பிடித்தபடி மற்ற கையை அவன் இடப்பக்கம் கொண்டுபோனாள். அவன் கண் அசையவில்லை. விரல் கன்னத்தைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டான்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வேர்வை."

"அண்ணா, என்ன தெரியுதுன்னு கேக்கறேன்."

 அவன் வாயை அதிகம் திறக்காமல், "ஓரத்துல இருந்து திரை இறங்கற மாதிரி இருக்கு" என்றான். உடனே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நாடா சுற்றிய கை, விடமாட்டேன் என்கிற பிடி. "யார்கிட்டயும் சொல்லாத. இன்னும் ஒரு சுத்துதான். நின்னு முடிச்சுட்டு வந்துடறேன்."

கண்ணில் திரை இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்த ஒரு மனுஷியை அவளுக்குத் தெரியும். ஓடு ஓடு என்று கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற சமாச்சாரம் அல்ல அது. அவள் எழுந்து கணவன் மூலைக்குப் போனாள். மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். சொன்னால் உடனே நிறுத்திவிடுவான். அல்லது நிறுத்தாமல், அடிக்காமல், சும்மா சுற்றிச்சுற்றி வருவான். அண்ணனுக்கு அது தெரிந்துவிடும். அந்த அவமானத்தை அவன் சாகும்வரை சுமப்பான். அவள் கணவனுடைய முகத்தைத் துடைத்தாள். நன்றாகத்தான் இருக்கிறார் என்றாள்.

மணி அடித்தது. அவள் இரண்டு மூலைக்கும் போகவில்லை. நடுவில் இருந்த தூணில் சாய்ந்து நின்றாள். அண்ணன் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, நல்ல கண்ணால் ஆளைத் தேடிக்கொண்டிருந்தான். கணவன் எதுவும் தெரியாமல் வட்டமடித்து அந்த இடப்பக்கத்துக்கே வந்தான். அங்கிருந்து ஒரு அடி போட்டான். அண்ணன் இமைக்கக்கூட இல்லை. அடி காதுக்கு மேலே விழுந்தது. கூட்டம் கத்தியது. கணவன் இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியபோது அவள் கயிற்றுக்கடியில் குனிந்து பாய்க்குள் நடந்துபோனாள்.

ஓடவில்லை, நடந்துதான் போனாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, போதும் என்றாள்.

கூட்டம் கொதித்தது. பந்தயம் கட்டியவர்கள் ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டார்கள். சாவிக்காரர் வந்து, அவளுடைய முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நிறுத்துவது மூலையில் நிற்கிறவரின் உரிமை, அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு அவருக்குப் பதில் வேண்டும்.

"எந்த மூலைக்காக நிறுத்தினம்மா? யார் தோத்ததுன்னு நான் சொல்லணும்ல?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினான். வேண்டாம் என்றான். கணவனைத் தோற்றவன் என்று சொல்லியிருக்கலாம். வீங்கிய தொடையைக் காட்டினால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். கணவனும் அன்று அதைத் தாங்கியிருப்பான். ஆனால் ஜெயித்ததாகச் சொன்னால் அண்ணன் எதற்காக மருத்துவமனைக்குப் போவான்? மறுவாரம் இன்னொருத்தனோடு இறங்குவான்.

"அண்ணன் மூலைக்காக" என்றாள்.

அந்த இடத்தில் அவன் இறங்கிய இத்தனை வருஷத்தில் அவனுக்காக யாரும் சண்டையை நிறுத்தியதில்லை. அவன் கைநாடாவைப் பல்லால் பிடித்துக் கிழித்துக் கீழே போட்டான். அவளைக் கடந்து போகும்போது, "அவன் பொண்டாட்டிதானே நீ" என்றான். 

கணவன் அவளிடம் வந்து, நான் ஜெயித்துக்கொண்டிருந்த சண்டையை எனக்கு ஏன் தானமாகக் கொடுத்தாய் என்று கேட்டான். அண்ணனின் கண்ணைப் பற்றி அவள் சொன்னாள். அவன் நாடாவைக்கூட அவிழ்க்காமல், சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஓடினான். அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியதும், வரமாட்டேன் என்று அவன் சொன்னதும், தூக்கிக்கொண்டு போவேன் என்று இவன் சொன்னதும், உள்ளேயிருந்து அம்மா இரண்டு பேரையும் திட்டித் தீர்த்ததும் அவளுக்கு அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரியும். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அன்றைக்கே சேர்த்து, மறுநாள் அறுவை சிகிச்சை முடியும்வரை கணவன்தான் அங்கே இருந்தான். நடைபாதை பெஞ்சில் நொண்டிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, நோயாளி யார் என்று செவிலியர் கேட்டாராம்.

கண் முழுசாகத் திரும்பவில்லை. இடது கண்ணுக்கு உருவம் தெரியும், முகம் தெரியாது. வலது கண் நன்றாக இருந்தது. கிடங்கில் அவனைச் சரக்கு சரிபார்க்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். சண்டை அதோடு முடிந்தது. கணவனும் அதற்குப் பிறகு கீழே போகவில்லை. சபதம் எல்லாம் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்தான், அடுத்ததும் போகவில்லை. அடுத்த மாதம் அந்தப் பெரிய நகரத்து வேலையில் தனியாகப் போய்ச் சேர்ந்தான். நீ அம்மாவைப் பார்த்துக்கொள், முடியும்போது வா என்றான். மாதக் கடைசியில் வருவான், இரண்டு நாள் இருப்பான், அதில் ஒரு நாள் தூங்குவான்.

அவள் அண்ணன் வீட்டுக்கே குடிபோனாள். இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடக்க இனி உடம்பில் தெம்பில்லை. அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வான். "அம்மா, நாளைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்னு சொல்லு." மூன்றடி தூரத்தில் நிற்கிற அவள், "அம்மா, ஏன்னு கேளு" என்பாள். அம்மாவுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக அதில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. சில விஷயங்களைக் கொஞ்சம் மாற்றியும் சொல்லிப்பார்த்தாள். அண்ணன் மருந்து வாங்கிவந்தேன் என்று சொன்னால், உனக்கு உடம்பு சரியில்லையென்று வாங்கி வந்திருக்கிறான் என்று அவளிடம் சொல்வாள். சில நாள் அம்மா தூங்கிப்போன பிறகும் இருவரும் அம்மாவைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல். கணவன் வந்து எல்லாக் காரியத்திலும் மச்சானுக்குப் பக்கத்திலேயே நின்றான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் பேசிக்கொள்வதுபோல, வண்டியைப் பற்றி, மழையைப் பற்றி. கணவன் திரும்பிப் போனபோது அவளையும் கூப்பிட்டான். கொஞ்ச நாளில் வருகிறேன் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பேசாத ஓர் ஆளைப் பேசவைக்காமலே விட்டுவிட்டுப் போவது எப்படி என்று இருந்திருக்கலாம். இப்போது நடுவில் சொல்ல ஆளும் இல்லை. வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் குழாய்ச் சத்தமும்தான்.

ஒரு நாள் காலை, கட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. தங்கை உள்ளே இருக்கிறாள் என்று முன்னால் வந்து நிற்கவில்லை. முறை வரும்வரை இருந்தான். பெட்டிக்குப் போட்ட இரும்புப் பட்டையை வெட்டும்போது பட்டிருக்கிறது. ஒரு கண்ணில் பார்ப்பவனுக்குத் தூரம் சில நேரம் ஏமாற்றும்.

அவள் கையைக் கழுவிவிட்டு அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துடைத்தாள். அவன் எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தவன், அவள் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா இல்லாமலேயே பேசினான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்னது?"

"கண்ணு. அந்தச் சண்டைக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே கறுப்புக் கறுப்பாப் பறந்துக்கிட்டிருந்துது. இது போகப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் கை நின்றது. "தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டியா?"

"எப்படியும் ஒரு நாள் தோக்கத்தான் போறேன். வெளியாள்கிட்ட தோக்கறதுக்கு மாப்பிள்ளைகிட்ட தோத்துட்டுப் போகலாம்னு நெனச்சேன். அவன் ஜெயிச்சா நீ கூடப் போயிடுவ. நானே போன்னு சொன்னா நீ போகமாட்ட, அம்மாவும் விடமாட்டா. தோத்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதில்ல."

வெளியே யாரோ இருமினார்கள். அவள் ஒட்டின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள், தேவைக்கு மேலேயே அழுத்தினாள்.

"அப்ப நான் நிறுத்தினதுக்கு ஏன்ண்ணா பேசாம இருந்த?"

அவன் ஒட்டுப்போட்ட கையை விரித்து மடக்கிப் பார்த்தான்.  

"நின்னு தோக்கணும்னு இருந்தேன். நீ உக்கார வெச்சுட்ட" என்றான். பிறகு, "கண்ணு போயிருக்கும்தான். டாக்டர் சொன்னாரு. ஒரு வாரம் விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்னு. தெரியும். தெரிஞ்சும் கோவம் போகல. என்ன பண்றது?"

 அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை; அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. மூன்று பேருமே ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கப்போய், ஒருவரிடமும் சொல்லாமல் போய், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். சொல்லியிருந்தால் ஒரு சாயங்காலத்துப் பேச்சு.

"நாளைக்கு வந்து கட்டை மாத்திக்க. தண்ணி படக்கூடாது" என்றாள்.

"சரி." எழுந்தவன் கதவருகே நின்றான். "நீ போ அவன்கிட்ட. நான் சமைச்சுக்குவேன்."

"நீ சமைக்கறதை நான் பாத்திருக்கேன்."

"சாகமாட்டேன் அதைச் சாப்பிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருஷமே அவள் கணவனிடம் போய்ச் சேர்ந்தாள். பெரிய நகரத்தில் பதினோராவது மாடியில் இரண்டு அறை வீடு. லிஃப்ட் நின்றால் கணவனே இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வருவான். அங்கேயும் ஒரு மருத்துவமனையில் அதே மாதிரி வேலைதான் கிடைத்தது. அதே நின்ற கால். பஞ்சு என்று கூப்பிடத்தான் அங்கே ஆளில்லை. முதலில் சில நாள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பாமல் இருந்தாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தொலைபேசியில் கூப்பிடுவான். அவளிடம் அதிகம் பேசுவதில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மாப்பிள்ளை இருக்கிறாரா, இவ்வளவுதான். கோபம் போய்விட்டதா என்று அவளும் கேட்கவில்லை. போயிருக்காது என்றுதான் நினைத்தாள். குறைந்திருக்கலாம். அதற்குப் பிறகு கணவன் வாங்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போவான். முழங்கால் வலிக்கு என்ன தடவுவது என்பதில் ஆரம்பித்து, எங்கெங்கோ போய், எந்தக் காலத்திலோ யாரையோ எப்படி உதைத்தது என்பதில் இருவரும் சிரிப்பார்கள். அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எப்போது பேசி முடித்தார்கள் என்று அவளுக்குத் தெரிவதில்லை. அதற்குள் தூங்கிப்போயிருப்பாள்.